கோட்டில் நின்ற கூடைக்காரி

கண்டிக்குப் போக என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் அறிவு என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உண்மையில் எங்கள் பாலிடெக்னிக்கில் பாஸ்போர்ட் வைத்திருந்த வாத்தியார்கள் இரண்டே பேர். மற்றவருக்கு வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. இலங்கையில் சமாதானப் பேச்சு முறிந்து, சண்டை மறுபடி சூடு பிடித்திருந்த காலம் அது. என் வீட்டிலோ, "வரும்போது நல்ல கிராம்பா பார்த்து வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி உடனே அனுப்பிவைத்தார்கள்.

போன வேலை இதுதான். மாணவர்களுக்கான ரோபோ போட்டி ஒன்றை எங்கள் கல்லூரி கோவையில் நடத்தவிருந்தது. அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்து நாட்டுக்கோர் அணி வரும். இலங்கை அணியைக் கண்டியில் ஒரு போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். விதிகளை எழுதியவன் நான் என்பதால் நடுவராகவும் நானே போக வேண்டியதாயிற்று. புறப்படும்போது பிரின்சிபால் தனியாகக் கூப்பிட்டார். "பளபளன்னு இருக்கற ரோபோவா பார்த்துக் கூட்டிட்டு வாங்க. போட்டோ எடுக்கப் பேப்பர்க்காரங்க வருவாங்க" என்றார்.

விதிகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எல்லா வம்பும் அதில்தான் வந்து நிற்கப்போகிறது. ஒரு பெரிய மேசை. நடுவில் ஒரே ஒரு ரோபோ மட்டும் போகக்கூடிய ஒடுக்கமான பாலம். பாலத்தின் இந்தப் பக்கம் ஓர் அணி, அந்தப் பக்கம் ஓர் அணி. தன் பக்கம் கிடக்கும் பச்சைப் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டி, குறித்த நேரத்துக்குள் எதிர்ப்பக்கத்துக் கூடையில் கொட்ட வேண்டும். ரோபோ தானாகவே ஓட வேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு யாராவது கை வைத்தால் அவுட். ஒன்று மற்றதைத் தள்ளிவிட்டாலும் அவுட். புள்ளிகள் சமமானால் எடை குறைந்த ரோபோவுக்கு வெற்றி. இந்தக் கடைசி விதி எங்கள் ஊர்ப் பையன்களை மனதில் வைத்து எழுதியது. விட்டால் கிரைண்டர் மோட்டாரையே பூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

பாலத்தின் இரண்டு முனையிலும் ஒரு வெள்ளைக் கோடு போடச் சொல்லியிருந்தேன். பாலம் இங்கேதான் தொடங்குகிறது என்று ரோபோவின் சென்சாருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்கு வேறு அர்த்தம் இருக்கக்கூடும் என்று கோவையில் உட்கார்ந்து எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை.

கண்டி பஸ் நிலையத்தில் என்னை எதிர்கொண்டவர் நிஸாம் நானா. அங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். நகரத்தில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருப்பவர். போட்டிக்கு மண்டபம் பிடித்தது, மேசை அடித்தது, பந்து வாங்கியது எல்லாம் அவர்தான். "சேர், மொதல்ல டீ குடிப்பம்" என்று ஒரு தேநீர்க் கடைக்குள் இழுத்துப் போனார். உட்கார்ந்ததும், கேட்காமலேயே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், கட்லட், வடை எல்லாம் கொண்டுவந்து வைத்தார்கள். விருந்தாளிக்கு வைத்த உபசாரம், மிச்சம் வைத்தால் மரியாதையில்லை என்று நினைத்து நான் மூச்சுமுட்ட எல்லாவற்றையும் தின்று முடித்தேன். தட்டு காலியானதைப் பார்த்த பையன் இன்னொரு தட்டை நிறைத்துக் கொண்டுவந்து வைத்தான்.

"சேருக்குப் பசி கூட போல" என்றார் நானா.

"ஏனுங்க, இத்தனையும் ஒருத்தர் திங்கறதுங்களா?"

"வேணும்ங்கிறத எடுக்கிற, மிச்சத்த அவங்க திருப்பி எடுத்துட்டுப் போவாங்க. நீங்க இன்னம் ரெண்டு பேருக்கு வச்சதையும் சாப்பிட்டீக்கிறீங்க."

அப்படி வீங்கிய வயிற்றோடு விடுதிக்கு நடந்துபோகும்போதுதான் அது நடந்தது. சாலையோரம் மணல்மூட்டைகள். தார் ரோட்டின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. நான் மோட்டாரின் வேகத்தைக் குறைக்காமல் திருப்புவது எப்படி என்று நானாவுக்கு விளக்கிக்கொண்டே நடந்தேன். பின்னாலிருந்து ஒரு கத்தல். திரும்பிப் பார்த்தால் நானா கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டிருந்தார். இந்தப் பக்கம் நான் மட்டும் இருந்தேன். எதிரே துப்பாக்கியோடு ஒரு சிப்பாய்.

நானா கோட்டுக்கு அப்பால் நின்றபடியே சிங்களத்தில் மளமளவென்று பேசினார். சிப்பாய் என் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டினான், மீசை அரும்பாத முகம். பையைத் திறந்து பார்த்தான். விதிப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் படித்தான். பிறகு போகச் சொல்லிக் கையை அசைத்தான். மணல்மூட்டைக்குப் பின்னாலிருந்த இன்னொருவன் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

"என்னங்க சொல்றாங்க?"

"கோட்டக் கண்டா நிக்கத் தெரியாத ஆளெல்லாம் ஈக்கானா என்டு கேக்கிறான்" என்றார் நானா. பிறகு அவரும் சிரித்தார். கோவையில் சிக்னலில் நின்றால் பின்னால் வருபவன் திட்டுவான் என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

மறுநாள் இறுதியாட்டம் தவிர மற்றச் சுற்றுகள். காலையில் பாணும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும். நம்மூர் பிரெட்டை நோயாளிகளுக்குத்தான் கொடுப்போம். இங்கே பாண் என்று பெயர் மாறியதும் அதற்கு உடம்பு தேறிவிடுகிறது. சம்பலின் காரம் காது வரை ஏறிய நிலையில் மண்டபத்துக்குள் நுழைந்தேன்.

நுழைந்ததும் என் கண்ணில் பட்டது 'டைட்டன்'. கண்டி நகரத்தின் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றின் ரோபோ. உடம்பெல்லாம் அலுமினியத் தகடு, பக்கவாட்டில் நீல விளக்கு, எதிரே ஏதாவது நின்றால் கண்டுபிடிக்கும் சென்சார். பிரின்சிபால் கேட்ட பளபளப்பு இதுதான் என்று மனசுக்குள் அப்போதே கோவைக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.

கடைசி மேசையில் மூன்று பெண்கள், கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். அவர்களுடைய ரோபோவுக்குப் பெயர் 'கூடைக்காரி'. கேக் வைத்துக் கொடுக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டிதான் உடம்பு. குடைக்கம்பியில் செய்த கை. பொம்மைக் காரின் சக்கரங்கள். எந்த இடத்திலும் ஸ்குரூ இல்லை. எல்லாம் விரலால் திருகிக் கழற்றும் காதுவைத்த நட்டுகள்.

"ஏம்மா, உள்ள இருக்கற வயரெல்லாம் வெளிய தெரியுதே. ஒரு பெயின்ட் அடிக்கக் கூடாதா?" என்றேன்.

அணித் தலைவி யோகராணி, பன்னிரண்டாம் வகுப்பு. இரட்டைப் பின்னல், நேர்ப் பார்வை. "வெளிய தெரியணும்னுதான் சேர் செஞ்சோம். மொத ரோபோவ செக்பொயின்ட்ல கழட்டிப் பாத்தாங்க. திரும்பப் பூட்ட அவங்களுக்கும் தெரியல, எங்களுக்கும் முடியல. ஸ்க்ரூ ட்ரைவர வேற எடுத்து வச்சுக்கிட்டாங்க. இது பாத்த ஒடனே விட்டுருவாங்க."

"பேட்டரி?"

"அத பஸ்ல கொண்டு வர்றதில்ல சேர். நிஸாம் நானா கடையிலதான் வச்சிருக்கோம்."

கையில் தூக்கிப் பார்த்தேன். சாப்பாட்டுப் பொட்டலம் அளவுக்குக்கூடக் கனமில்லை. கூட்ட நெரிசலில் இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரவேண்டியதால் கனத்தை ஒவ்வொன்றாகக் குறைத்தார்களாம். டிசைன் வகுப்பில் நான் ஒரு பருவம் முழுக்க நடத்துகிற பாடத்தைக் கலஹா பஸ் அவர்களுக்கு நடத்தியிருக்கிறது.

அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "சேர், கோயம்புத்தூர்ல இருந்து கோத்தகிரி தூரமா?"

"பஸ்ல போனா ரெண்டு, ரெண்டரை மணி நேரம். ஏன், சுத்திப் பார்க்கோணுமா?"

"போகணும் சேர். அதுக்குத்தான் இந்தப் போட்டிக்கே வந்தேன்" என்றாள்.

ஆட்டம் தொடங்கியது. முதல் ரோபோ பந்தைப் பொறுக்கிக்கொண்டு பாலத்தை நோக்கி வந்தது. வெள்ளைக் கோட்டில் நின்றது. சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இரண்டு விநாடி கழித்து நகர்ந்து பாலத்தைத் தாண்டியது. அடுத்த ரோபோவும் கோட்டில் நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. மண்டபத்திலிருந்த அத்தனை ரோபோவும், ஒன்று பாக்கியில்லாமல், கோட்டைக் கண்டதும் நின்று பிறகு போயின.

"யாருங்க நிக்கச் சொன்னது? எங்க எழுதியிருக்குது?" என்று நான் ஒலிபெருக்கியிலேயே கேட்டேன். அணித் தலைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டைட்டனின் தலைவன் சிங்களத்தில் பதில் சொன்னான். நானா மொழிபெயர்த்தார்: "கோடு போட்டீக்கே, பொறகு எழுதி வேற வைக்கணுமா என்டு கேக்கிறான்."

நிற்பதிலும் வகை இருந்தது. மற்றதெல்லாம் இரண்டு விநாடி நின்றுவிட்டுக் கிளம்பிவிடும். டைட்டன் மட்டும், எதிரே யாராவது நின்றால் அவர் கடந்துபோகும் வரை அசையாமல் நிற்கும். வழி காலியானதும் பெரிய தொட்டி நிறையப் பந்துகளோடு நிதானமாகப் போய்க் கொட்டும். மற்றவர்கள் முந்திக்கொண்டு போய் நாலைந்து போட்டால் இது பத்துப் பதினைந்தை ஒரே தடவையில் போடும். இப்படியே எல்லோரையும் தோற்கடித்து இறுதிக்கு வந்துவிட்டது. கூடைக்காரி சின்னச் சின்னதாகப் பல நடை நடந்து, மூச்சுவாங்கி, எப்படியோ அதுவும் இறுதிக்கு வந்து சேர்ந்தது.

அதற்கு மறுநாள் போயா. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நாடே கடையை அடைத்துவிட்டு உட்காருகிறது. எங்கள் ஊரில் பௌர்ணமிக்கு லீவு கேட்டால் தொழிற்சாலைக்காரர் டாக்டரிடம் அனுப்புவார். நல்ல மீன்குழம்பு தேடி அலைந்து, இன்றைக்கு அதெல்லாம் கிடைக்காது என்று தெரிந்து, மண்டபத்துக்குப் போனேன். பயிற்சி செய்ய மட்டும் திறந்துவைத்திருந்தார்கள். யோகராணி தன் ரோபோவைத் தொடவேயில்லை. நாடியைக் கையில் தாங்கியபடி, டைட்டன் பயிற்சி எடுப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"சேர், ரெண்டு பேரும் முட்டை வாங்குனா?"

"சமம்தானே. எடை குறைஞ்சது ஜெயிக்கும்."

"கோட்டுல எவ்வளவு நேரம் நிக்கலாம்?"

"எவ்வளவு நேரம் வேணா நின்னுக்கோ. ஆனா நிக்கறதால யாருக்கு என்ன பிரயோசனம்?" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

மாலையில் நானா தன் வேனில் அந்தப் பெண்களைக் கலஹாவில் விடப் புறப்பட்டார். தோட்டம் பார்க்கிற ஆசையில் நானும் ஏறிக்கொண்டேன். பேராதனையைத் தாண்டி முதல் ஏற்றத்தில் வேன் புகையைக் கக்கிவிட்டுப் படுத்தது. "இதுக்கும் இன்டைக்கு போயா" என்றார் நானா. அவரை வேனோடு விட்டுவிட்டு நாங்கள் கலஹா பஸ்ஸில் தொற்றினோம். வழியில் செக்பாயின்ட் வந்தது, சோதனைக்காக எல்லோரும் இறங்கினார்கள். இந்த முறை நான் கோட்டுக்கு மூன்றடி முன்னாலேயே நின்றுவிட்டேன். யோகராணி கூடைக்காரியைக் கையில் உயர்த்திக் காட்டினாள். சிப்பாய் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டான். ஜெயித்ததா என்று கேட்கிறானாம். நாளைக்குத்தான் தெரியும் என்று அவள் சிங்களத்தில் சொன்னாள்.

அவள் வீடு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசைவீடுகளில், நடுவீடு. அம்மா தேயிலைக் கொழுந்தெடுக்கிறவர். வெறும் தேநீரும் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"கோத்தகிரி உங்க ஊருக்குப் பக்கமாங்க? எங்க அக்கா அங்கதான் இருக்கு. அந்தக் காலத்துல இந்தியாவுக்கு அனுப்புனாங்கல்ல, அந்தக் கணக்குல அக்கா குடும்பம் போயிருச்சு. நாங்க இங்க நின்னுட்டோம்."

"பேசறதுண்டுங்களா?"

"எங்கங்க பேச. போற நேரத்துல எனக்கும் அதுக்கும் சண்டை. ஒரு சீலைக்குத்தான். அது வந்து மொதல்ல பேசட்டும்னு நான் இருந்தேன். நான் வந்து பேசுவேன்னு அது இருந்துச்சு போல. அதுக்குள்ள கப்பல் ஏறிருச்சு." அவர் என் குவளையில் கேட்காமலேயே இன்னும் கொஞ்சம் ஊற்றினார். "இப்பவும் ரெண்டு பேரும் அப்படியேதான் இருக்கோம். இது போயாவது பேசட்டும்."

திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்தேன். பிரின்சிபாலுக்கு வேண்டியது டைட்டன். எனக்கும் நேற்று வரை அதுதான் வேண்டியிருந்தது. இப்போது கூடைக்காரி ஜெயித்தால் தேவலை என்று வெட்கமில்லாமல் விரும்பினேன். ஆனால் நடுவருக்கு விசில் ஊதத்தான் உரிமை உண்டு, வேண்டிக்கொள்ள இல்லை.

இறுதி நாளன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கேற்றிவிட்டு முன்வரிசையில் உறங்கத் தொடங்கினார். நான் விசில் ஊதினேன். இரண்டு ரோபோக்களும் பந்துகளைப் பொறுக்கின. டைட்டன் தொட்டியை நிரப்பியது. கூடைக்காரி நாலே நாலு பந்தை எடுத்துக்கொண்டு அவசரமாக ஓடிவந்து கோட்டில் நின்றது. டைட்டனும் எதிர்க்கோட்டுக்கு வந்தது. எதிரே ஆள் நிற்பதைப் பார்த்தது, அதுவும் நின்றது.

இரண்டு விநாடி போயிற்று. கூடைக்காரி நகரவில்லை. பத்து விநாடி ஆகியும் நகரவில்லை. வயர் கழன்றுவிட்டது, அந்தப் பெண்ணின் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவளைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கூடைக்காரியின் மோட்டார் விளக்கு அணைந்திருந்தது, சென்சார் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெட்டி கண்ணாடி மாதிரி இருந்ததால் எல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. கழன்று போன வயர் எதுவும் இல்லை. கோட்டில் நில் என்ற கட்டளைக்குப் பிறகு வர வேண்டிய போ என்ற கட்டளையை அவள் எடுத்துவிட்டிருக்கிறாள்.

டைட்டன் கடந்து போகுமென்றால் அவள் கதை முடிந்தது. ஆனால் எதிரே ஆள் இருக்கும்வரை அது போகாது. அது நல்ல பிள்ளையாக வளர்க்கப்பட்ட ரோபோ.

கூட்டத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. டைட்டன் பையன்கள் மேசையைச் சுற்றிக் குதித்தார்கள். "போ! அட, போயேன்! உன்னை யாரும் பிடிக்கமாட்டார்கள்!" என்று கத்துவதாக நானா என் காதில் மொழிபெயர்த்தார். வெளியே மழை இருட்டு கட்டி மண்டபம் மங்கியது. டைட்டனின் சென்சார் ஒரு கணம் தடுமாறி, சக்கரம் அரை அங்குலம் உருண்டது. யோகராணி தோழியின் கையை இறுகப் பிடித்தாள். டைட்டன் மறுபடி நின்றது. நேரம் முடிந்து நான் விசில் ஊதும்போது சிறப்பு விருந்தினர் விழித்து, எல்லோருக்கும் முன்னால் கைதட்டினார்.

இரு பக்கமும் பூஜ்யம். டைட்டன் பள்ளி ஆசிரியர் எழுந்து, சும்மா நிற்பதெல்லாம் ஒரு விளையாட்டா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுதிய விதிப் புத்தகத்தை நானே புரட்டினேன். நிற்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. கோவைக்காரன் ஒருவன் நிற்பதைத் தடைசெய்ய ஏன் யோசிக்கப் போகிறான்? நானா தன் கடையிலிருந்து ஆணி நிறுக்கும் தராசைக் கொண்டுவந்தார். டைட்டன் வைத்த தட்டு தொம்மென்று கீழே போயிற்று. கூடைக்காரியின் தட்டு மேலேயே நின்றது.

டைட்டனின் தலைவன் வந்து யோகராணியின் கையைக் குலுக்கினான். எத்தனை நேரம் நிற்பது என்று நாங்கள் எழுதவேயில்லை, போகச் சொல்லும்வரை நிற்பதுதானே வழக்கம் என்று சொல்லிச் சிரித்தானாம். நல்ல பையன். அவனைத் தோற்கடித்ததில் எனக்கும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

புறப்படும் நாள் பஸ் நிலையத்துக்கு யோகராணி கிராம்புப் பொட்டலத்தோடு வந்திருந்தாள். பொய் நம்பிக்கை கொடுக்கக் கூடாது என்று நான் உண்மையைச் சொன்னேன்.

"இத பாரம்மா, இந்த உத்தி கோயமுத்தூர்ல செல்லாது. அங்க ஒரு ரோபோவும் கோட்டுல நிக்காது. எல்லாம் நேரா ஏறிப் போயிரும். நீ நின்னா மொத ரவுண்டுலயே தோத்துருவ."

"மொத ரவுண்டு எப்ப சேர்?"

"மொத நாள் காலைல."

அவள் விரல்விட்டு எதையோ எண்ணினாள். முகம் மலர்ந்தது.

"அப்ப அன்னிக்கே மத்தியானம் கோத்தகிரிக்கு விட்டுருவீங்கதானே சேர்?"